தூணில் ஒட்டிய நீலம்

கம்பாதோஸ், மே 29

தம்பி எலாடியோவுக்கு,

என் திராட்சைப் பந்தலில் யாரோ மயில்துத்தம் அடித்துவிட்டார்கள். நான் போந்தேவேத்ரா ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்த நேரம் பார்த்து, கேட்காமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்து, கொட்டகையில் தொங்கிய அப்பாவின் பழைய தெளிப்பானை எடுத்து, இலை இலையாக நீலம் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். திராட்சை இலையெல்லாம் நீலம். கருங்கல் தூண்களெல்லாம் நீலம். நான் ஏழு வருஷமாகத் தேய்த்தும் மழையில் விட்டும் வெளுக்கவைத்த தூண்கள் அவை.

இது எனக்குச் செய்த அநியாயம். வேறு பேர் வைக்க மாட்டேன்.

ஜனவரியில் இந்தச் சமையலறையில் உட்கார்ந்து நாம் பேசியது உனக்கு நினைவிருக்கும். சாலைக்கு அந்தப் பக்கம் திராட்சை மது தயாரிக்கிற பெரிய மதுக்கூடத்துக்காரர்கள் நம் தோட்டத்தைக் கேட்கிறார்கள், விற்றுவிடலாம், உனக்கு வயதாகிவிட்டது, பந்தல் வேலைக்கு ஏறிய பெஞ்சிலிருந்து விழுந்தாய், டவுனில் லிஃப்ட் இருக்கிற வீடாகப் பார்க்கலாம் என்றாய். நான் ஒன்று சொன்னேன். இந்த வருஷமும் துளி துத்தம் இல்லாமல், என் கடற்பாசிக் கஷாயத்தை மட்டும் தெளித்து, நல்ல பழம் எடுத்துக் காட்டுகிறேன். காட்டினால் நான் இருக்கும்வரை விற்பனைப் பேச்சு கிடையாது. துத்தம் இல்லாததால் இலையில் அடிச்சாம்பல் நோய் வந்து தின்றுவிட்டால், மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறேன். நீ கை கொடுத்தாய். உன் கையில் அப்போது சாளை மீன் எண்ணெய் இருந்தது. அதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது எதைக் காட்டுவேன்? பழம் நன்றாக வந்தால் துத்தத்தால் வந்தது என்பாய். நியாயமாகத்தான் சொல்வாய். மண்புழு திரும்பி வந்த மண்ணில் மறுபடி செம்பைக் கொட்டியது ஒரு பக்கம். என் வாய்ச்சொல்லை ஒன்றுமில்லாமல் ஆக்கியது இன்னொரு பக்கம்.

அந்த அயோக்கியனுக்கு ஒரு மரியாதையும் இருந்திருக்கிறது. கடைசித் தூணடியில் அம்மா வைத்த வெள்ளை லில்லிகள் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடி, காற்றடிக்கிற பக்கம் கல் வைத்துவிட்டுத்தான் அடித்திருக்கிறான். ஒரு பூவிலும் நீலம் இல்லை.

கண் பரவாயில்லை. விழித்திரையை ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க ஊரே வந்தது, கேக் கொண்டுவந்தார்கள். என் கட்டில் பக்கத்து நாற்காலியில் நர்ஸ் தன் கோட்டைப் போட்டு வைத்துக்கொண்டாள். வெளிநாட்டிலிருந்து வர உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். குறை சொல்லவில்லை.

உன் முதுகு எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரி மார்கிரிட்டை விசாரித்ததாகச் சொல். போனில் கூப்பிடாதே. போன் என்றால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும்.

அக்கா
தோசிந்தா


லோசான், ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கண்ணைப் பற்றித்தான் கவலை. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பாரே, கேட்கிறாயா? மார்கிரிட் தினமும் கேட்கிறாள். அவளிடம் நான் என்ன பதில் சொல்வது?

துத்தம் விஷயம் படித்தேன். யார் செய்திருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துத் தோட்டத்துக்காரர் யாராவது, உன் கொடியிலிருந்து தன் கொடிக்கு நோய் வரும் என்று பயந்திருக்கலாம். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. நோயைப் பார்த்த ஒருவனுக்குக் கை சும்மா இருக்காது. நீயே சொல்கிறாய், லில்லிக்குச் சாக்குப் போட்டான் என்று.

கொடி பிழைத்தது என்று எடுத்துக்கொள்ளேன். இந்த வருஷக் கணக்கை அப்படியே விட்டுவிடலாம். நீ ஜெயித்ததாகவே வைத்துக்கொள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இங்கே குளிர் இன்னும் போகவில்லை. ஏரிக்கரைத் திராட்சைக்காரர்களும் இந்த வருஷம் பயந்துபோய்தான் இருக்கிறார்கள். அந்தத் தோட்டத்துக் கதவைச் சரி பண்ணு. மேல் கீல் போய் ஒரு பக்கமாகத் தொங்கினால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரத்தான் செய்வார்கள்.

உன் தம்பி
எலாடியோ


கம்பாதோஸ், ஜூன் 19

தம்பிக்கு,

நான் நலம். கண்ணில் சொட்டு மருந்து விடுகிறேன். குனியத்தான் குனிகிறேன், டாக்டர் இங்கே வந்து பார்க்கப் போவதில்லை.

"ஜெயித்ததாக வைத்துக்கொள்" என்று எழுதியிருக்கிறாய். நான் பிச்சை கேட்கவில்லை. அந்த வரியை நீ எழுதியதாக நான் வைத்துக்கொள்ளவில்லை.

பெனிக்னோவிடம் போனேன். நம் வேலியை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். துத்தமும் அவனிடம்தான் மூட்டையாக இருக்கிறது. டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான்.

"வெளிய வாடா. என் பந்தல்ல நீதானே துத்தம் அடிச்சே?"

"உன் பந்தலுக்கு அடிக்க எனக்கென்ன பைத்தியமா? என் பந்தலுக்கு அடிக்கவே ஆள் கிடைக்கல."

"அப்ப யார் அடிச்சா?"

"நான் அடிச்சேனான்னு கேட்டா இல்லைன்னு சொல்வேன். யார் அடிச்சான்னு கேட்டா நான் என்ன போலீஸா? வேற ஏதாவது கேளு. சூப்பு வெச்சியா இன்னிக்கு? உன் பாசிக் கஷாய வாசம் வந்தா என் நாய் கடல் பக்கம் பாத்து ஊளையிடுது."

எழுந்து வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பொய் சொன்னால் மூக்கு சிவக்கும். சிவக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்தது இது. நீல இலைகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேலே மஞ்சளாக எண்ணெய் பட்டதுபோல் புள்ளிகள் இருக்கின்றன. அடிச்சாம்பல் வந்தால் முதலில் தெரிகிற புள்ளி போலவே. நம் ஊரில் பிறந்து வளர்ந்த யாரும் உடனே தெளிப்பானைத் தேடுவார்கள். ஆனால் இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளைப் பஞ்சு இல்லை. சுத்தமான பச்சை. அது நோயே இல்லை, எலாடியோ. என் கஷாயக் கறை. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னால் அவசரத்தில் கெட்டியாகக் காய்ச்சிவிட்டேன். வெயிலில் காய்ந்து சொட்டுச் சொட்டாக மஞ்சள் பிடித்துக்கொண்டது. அடித்தவன் இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. திருப்பிப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று அப்பா நம் இரண்டு பேர் காதையும் திருகியது அவனுக்குத் தெரியாது போலும்.

இன்னொன்று. கிணற்றடி மூலையில் பந்தல் தாழ்வு அல்லவா? நல்ல கல் தீர்ந்துபோய் அப்பா குட்டைத் தூண் நட்ட இடம். அங்கே ஏறக்குறைய தவழ்ந்துதான் போக வேண்டும். அங்கே உள்ள பதினொரு கொடியிலும் ஒரு துளி நீலம் இல்லை. அடித்தவனுக்கு முதுகு வளையாது போலிருக்கிறது.

ஆகவே நம் பேச்சு சாகவில்லை. அதை இந்தப் பதினொரு கொடியின் மேல் வைக்கிறேன். அவை வழக்கமாக எட்டுக் கூடை தரும். இந்த வருஷம் நல்ல பழமாக ஆறு கூடை வராவிட்டால் நான் கையெழுத்துப் போடுகிறேன். வந்தால் நீ வாயைத் திறக்கக் கூடாது. இதற்குச் சரி என்று ஒரு வரி எழுது.

கதவுக் கீல் உடைந்தது பிப்ரவரிப் புயலில். உனக்கு எழுதினேனா? நினைவில்லை. எழுதியிருப்பேன் போலிருக்கிறது.

அக்கா
தோசிந்தா


லோசான், ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

அந்தப் புள்ளிகள் நிச்சயமாகக் கறைதானா? ஒரு இலைகூட இல்லையா? எல்லா இலையையும் திருப்பினாயா? சாயங்கால வெளிச்சத்தில் யார் பார்த்தாலும் நோய் என்றுதான் நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதினொரு கொடியை வைத்து ஒரு தோட்டத்தை முடிவு பண்ண முடியுமா? அந்த மூலையில் காற்று ஓடாது. கிணற்று ஈரம் வேறு. நோய் வந்தால் முதலில் அங்கேதான் வரும். அது உனக்கே தெரியும். உனக்கு எதிராக நீயே போட்டுக்கொள்ளும் கணக்கு இது.

ஒரு வரி கேட்டாய். சரி. ஆனால் மனசில்லாமல் சொல்கிறேன்.

எலாடியோ


கம்பாதோஸ், ஜூலை 14

தம்பிக்கு,

உன் சரி கிடைத்தது. மனசு இருந்ததா இல்லையா என்பது எனக்கு வேண்டாம்.

மழை பிடித்துக்கொண்டது. பெருமழை என்றால் பயமில்லை, அடித்துவிட்டுப் போய்விடும். இது கடலிலிருந்து தூவிக்கொண்டே இருக்கிற தூறல். கூடவே புழுக்கம். துணி காயவில்லை, ரொட்டி பூத்துப்போகிறது. அடிச்சாம்பலுக்கு இதைவிட நல்ல விருந்து யாரும் வைக்க முடியாது.

காற்றடித்த மறுநாள் கடற்கரைக்குப் போய்ப் பாசி அள்ளினேன். கரையில் ஒதுங்கிய பழுப்புப் பாசி, புதுசாக இருப்பதை மட்டும். பன்றி அடிக்கும்போது அம்மா வெந்நீர் வைக்கிற பெரிய அண்டாவில்தான் காய்ச்சுகிறேன். நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுத்து, கொதிக்கவிடாமல் சூட்டிலேயே வைத்திருந்து, பழைய காலுறையில் வடிகட்டி, இந்த முறை தேநீர் நிறத்துக்கு நீர்க்கவிட்டேன். கெட்டியாக்கிய புத்தி போதும்.

நீ எப்போதும் கேட்பாயே, இது நோயைக் கொல்லுமா என்று. கொல்லாது. கொல்லும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. துத்தம் இலையின் வாசலில் நிற்கிற காவல்காரன், மழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடுவான். கஷாயம் கொடியையே உலுக்கி எழுப்பிவிடும். திருடன் வருகிறான், எழுந்து உட்கார் என்று. அதனால் நோய் வரும் முன்னால் கொடுத்தால்தான் உண்டு. வந்த பிறகு கொடுத்தால் செத்தவன் காதில் கூப்பிடுவது மாதிரி. இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. பத்து வருஷமாக நானே கெடுத்தும் திருத்தியும் கற்றது.

பெனிக்னோ தோட்டத்தில் நோய் இறங்கிவிட்டது. மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்த வாரத்தில் அவன் துத்தம் அடிக்கவில்லை. மழை பழைய துத்தத்தைக் கழுவிவிட்டது. வேலியோரம் நின்று கத்தினான்:

"தோசிந்தா, என் கொடி போச்சு! அடுத்தது உன்னுதுதான்!"

"சந்தோஷமாச் சொல்றியே!"

"சந்தோஷமா? அழுதுகிட்டுச் சொல்றேன். ஒரு தெளிப்பு துத்தம் தரேன், அந்தக் கிணத்தடிக்கு மட்டும் அடி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறது எனக்கு இப்ப நல்லாவே தெரியும்."

அவன் உள்ளே போய்விட்டான்.

காலையில் எழுந்ததும் அந்த மூலைக்குப் போய் முழங்காலில் நின்று இலை திருப்புகிறேன். இன்றுவரை பச்சை.

அக்கா
தோசிந்தா


கம்பாதோஸ், ஜூலை 26

எலாடியோ,

நேற்று ஊரே சந்தியாகோ திருநாளில் இருந்தது. வாணவெடிச் சத்தம் இங்கே கேட்டது. நான் கிணற்றடியில் இருந்தேன்.

சாலைப் பக்கத்து முதல் கொடியில் இலையைத் திருப்பினேன். வெள்ளை.

கண் குறையாக இருக்குமோ என்று விரலால் தேய்த்துப் பார்த்தேன். விரலில் ஒட்டியது.

வேறு எழுத ஒன்றுமில்லை.

தோசிந்தா


லோசான், ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மார்கிரிட் முதுகு வலி என்று நினைத்து ஒத்தடம் கொடுக்கிறாள்.

அக்கா, தயவுசெய்து அந்தப் பதினொன்றுக்கும் துத்தம் அடித்துவிடு. பேச்சு, கணக்கு எதுவும் வேண்டாம். மதுக்கூடத்துக்காரர்களிடம் நானே முடியாது என்று சொல்லிவிடுகிறேன். நான் தோட்டத்தை விற்கச் சொன்னது எனக்காக இல்லை. நீ விழுந்த அன்று சாயங்காலம்வரை யாரும் பார்க்காமல் அந்தப் பந்தலுக்குக் கீழே கிடந்தாயாமே. பெனிக்னோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ எழுதவில்லை. நீயும் எல்லாவற்றையும் எழுதுகிறவள் இல்லை.

கொடி சாவதைப் பார்த்துக்கொண்டு நீ நிற்க முடியாது. என்னாலும் முடியாது. எங்கிருந்தாலும் முடியாது.

உடனே பதில் எழுது.

எலாடியோ


லோசான், ஆகஸ்ட் 24

அக்கா,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. தபால் தவறியதா, நீ தவறவிட்டாயா? கண்ணில் ஏதாவது ஆகிவிட்டதா?

நீ போன் எடுக்க மாட்டாய் என்று பெனிக்னோவைக் கூப்பிட்டேன்.

"எங்கக்கா எப்படி இருக்கா?"

"கொடிக்குக் கீழ குடியிருக்கா. கிணத்தடியில நாற்காலி போட்டாச்சு. சாப்பாடு அங்கதான். காஞ்ச இலையெல்லாம் பறிச்சு வாளியில போட்டு எரிக்கறா. கிட்ட போனா வாளியைக் காட்டறா, அதுக்குள்ள போறியான்னு."

"கொடி?"

"அதை மட்டும் கேக்காத. என்னைப் பாக்கவிட மாட்டேங்கறா. உனக்கு வேணும்னா நீ வந்து பாரு. வந்தா இந்தத் தடவை வாசல் வழியா வா."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுத உட்கார்ந்தால் வரவில்லை. நேரில் சொல்கிறேன். நீ கோபப்பட மாட்டாய் என்று சொல்ல மாட்டேன். படுவாய். பட்டுக்கொள். ஒரு வரி மட்டும் எழுது.

எலாடியோ


கம்பாதோஸ், செப்டம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

நானும் கண்ணும் சுகம். முழங்கால் சுகமில்லை, அது சொன்னபடி கேட்காவிட்டால் போகட்டும். உன் முதுகையும் மார்கிரிட்டையும் பற்றி எழுது. தாமதத்துக்குக் காரணம் எழுத ஒன்றும் இல்லாததுதான். தெரியாததை எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை.

நேற்று அறுவடை முடிந்தது.

சாலைப் பக்கத்து முதல் கொடி போய்விட்டது. அதில் குலைகள் தோலாகச் சுருங்கின. அதற்குப் பக்கத்துக் கொடியில் பாதி. மூன்றாவதில் இலையில் வந்த நோய் குலைக்கு இறங்கவில்லை. அதற்கு அப்பால் இலையில் புள்ளி வந்தது, வந்த இடத்திலேயே கருகி நின்றுவிட்டது. கொடி எழுந்து உட்கார்ந்திருக்கிறது. நான் வேறொன்றும் செய்யவில்லை. கெட்ட இலையைப் பறித்தேன், வெயில் முகம் காட்டின காலையில் கஷாயம் தெளித்தேன், மீதி நேரம் உட்கார்ந்து பயந்தேன்.

பெனிக்னோ கூடை பிடித்தான். அவனுக்கு இந்த வருஷம் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, இருந்தும் வந்தான். ஆறாவது கூடை விளிம்புக்கு நான்கு விரல் குறைவாக நின்றது. கொடியெல்லாம் காலி என்று நினைத்தோம்.

"நீல வரிசையிலேர்ந்து ரெண்டு குலை எடுத்துப் போட்டு ரொப்பு. யார் பாக்கறா?"

"நான் பாக்கறேன்."

"உனக்குத்தான் ஒரு கண்ணு சரியில்லையே!"

"இன்னொண்ணு இருக்கு. அதால உன்னையும் பாக்கறேன். மூக்கு சிவக்குது பார்."

திட்டிக்கொண்டே அவன் வயிற்றால் ஊர்ந்து கிணற்றுச் சுவருக்குப் பின்னால் போனான். அங்கே பதினொன்றில் ஒன்றின் கொப்பு சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் தொங்கியிருக்கிறது. யாரும் பார்க்காத இடத்தில் அத்தனை குலை. கூடை நிறைந்தது. அதற்கு மேல் அவன் தொப்பி நிறைய வந்தது. தொப்பியில் இருந்ததைக் கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து இரண்டு பேரும் தின்று தீர்த்தோம். விதையைக்கூடத் துப்பவில்லை.

ஆறு கூடை. நீல வரிசைகளும் நன்றாகத்தான் வந்தன, அதை மறைக்க மாட்டேன். அந்தப் பழம் தனியாகப் போயிற்று. நம் பேச்சில் அது சேராது.

நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதைச் சொல்ல நீ சிரமப்பட வேண்டாம். அம்மாவின் லில்லிக்குச் சாக்குப் போட்டு மூட இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி அன்று ஆஸ்பத்திரியில் இருந்தாள். மற்றவன் லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தான்.

துத்தத்துக்காக நான் கோபப்பட்டு முடித்துவிட்டேன். முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. முடியாத கோபம் வேறு. அதையும் கீழே சேர்த்திருக்கிறேன்.

இனி ஆக வேண்டியவை:

மதுக்கூடத்துக்காரர்களுக்கு இல்லை என்று எழுதிப்போட வேண்டியது நீ. பணிவாக எழுது, ஆனால் "இப்போதைக்கு" என்ற வார்த்தை இருக்கக் கூடாது.

கதவுக் கீலை மாற்ற வேண்டியது பெனிக்னோ. ஒத்துக்கொண்டான். பெட்டியும் கையுமாகத் தன் வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கு இனி அவன் துத்தம் கொடுக்கக் கூடாது. அதற்கும் ஒத்துக்கொண்டான், மூக்கு சிவந்தது.

போன முதல் கொடியைத் தோண்டி எடுத்து, அந்தக் குழியில் குளிர்காலம் முழுக்கப் பாசி போட்டு மூட வேண்டியது நான்.

பெஞ்சில் ஏற வேண்டிய வேலைக்கு இனி ஆள் வைக்க வேண்டியதும் நான். நீ கேட்டதில் இது ஒன்றுக்கு இறங்கி வருகிறேன். இதற்கு மேல் இறங்கமாட்டேன்.

உன் முதுகுக்கு நல்ல பட்டையாக ஒன்று வாங்கிக் கட்டிவிட வேண்டியது மார்கிரிட். கிணற்றடிக்கு அடுத்த வருஷம் தெளிக்கப் போவது நீ. குனியக் கற்றுக்கொள். இலையைத் திருப்பவும்.

தூணில் ஒட்டிய நீலத்தைத் தேய்த்து எடுக்க வேண்டியது அதை ஒட்டியவர். கம்பி பிரஷ் வாங்கி வைத்திருக்கிறேன்.

நவம்பரில் எனக்கு இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன். அன்றைக்குக் கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டியது நீ. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரிக்கு வா. பந்தல் எங்கேயும் ஓடிப்போகாது.

அக்கா
தோசிந்தா